ஓரத்துச் சுவிட்ச்

அந்தச் சுவிட்ச் இவ்வளவு லேசாக நகரும் என்று மரகதம் நினைக்கவில்லை. லேப்டாப்பின் வலது ஓரத்தில் அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது, நகத்தை வைத்துப் பின்னால் தள்ளினாள், சத்தம்கூட வரவில்லை, அது இருந்த இடத்தில் ஒரு ஆரஞ்சுக் கோடு மட்டும் தெரிந்தது. திரையில் சிந்துஜா தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கப் போனவள் பாதிக் கையோடு அப்படியே நின்றுவிட்டாள், கண்ணும் பாதி மூடியிருந்தது, ஐயோ பிள்ளையை இந்தக் கோலத்திலா நிறுத்திவிட்டோம் என்று இவள் பதறுவதற்குள் படமே போய்விட்டது. ஜெர்மனியில் இருக்கிற மகளின் சமையலறை போய்விட்டது. கறுப்புத் திரையில் தன் மூக்குக்கண்ணாடியும், பின்னால் சிங்காநல்லூர் வீட்டு மிக்ஸியும்தான் தெரிந்தன. சரி, இப்போது கூப்பிடுவாள். என்னம்மா ஆச்சு, ஏன் போயிடுச்சு என்று போனில் பதறுவாள். மரகதம் பட்டன் போனை மேடை மேல், தண்ணீர் படாத பக்கமாக எடுத்து வைத்தாள், வைத்த பிறகு எடுத்துச் சத்தம் முழுசாக இருக்கிறதா என்று பார்த்தாள், இருந்தது, மறுபடி வைத்தாள். காலையிலிருந்து அந்தப் பிள்ளை தலையே நிமிரவில்லை, அங்கே விடியும் முன்பே வேலைக்கு உட்கார்ந்துவிட்டாள். இடது தோள்பட்டை இழுத்துப் பிடிக்கிறது கண்ணு என்று சொன்னதற்கு ‘ம்’ என்றாள். கீழ்வீட்டுப் புனிதா பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்றதற்கும் அதே ‘ம்’. வலிக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரே ‘ம்’மா என்று இவளுக்குச் சுருக்கென்றது, சரி பார்ப்போம் என்று, ‘கண்ணு, நம்ம ஹாலுக்குள்ள யானை வந்து நிக்குது’ என்று வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள். ‘சரிம்மா, பாத்துக்க’ என்று சொல்லிவிட்டு அவள் கீபோர்டைத் தட்டிக்கொண்டே இருந்தாள். அப்போது சிரிப்புதான் வந்தது. சோறு பிசைந்து சாப்பிடும்போது சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை, தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, துடைத்த கையோடு சுவிட்சைத் தள்ளிவிட்டாள்.

பார்க்கிறாளா இல்லையா, அதுதான். அது தெரிந்தால் போதும். இந்த ஏற்பாட்டைச் செய்ததே சிந்துஜாதான். அவள் அப்பா போன பிறகு ஒரு மாதம் கூட இருந்துவிட்டுக் கிளம்பும்போது இந்த லேப்டாப்பை மேடை மேல் வைத்து, இதை மூடவே கூடாதும்மா என்று சொல்லிவிட்டுப் போனாள். தினமும் கூப்பிட்டு சாப்பிட்டியா தூங்கினியா என்று கேட்டு வைப்பதற்கு எனக்கும் அலுப்பு, உனக்கும் அலுப்பு, ஒரே வீட்டில் இருந்தால் பேசிக்கொண்டேவா இருப்போம், அவரவர் வேலையை அவரவர் பார்ப்போம் இல்லையா, அந்த மாதிரி இருக்கட்டும் என்றாள். அப்படியே இருந்தது. அங்கே அவள் மேஜையில் உட்கார்ந்து வேலை பார்ப்பாள், இங்கே இவள் அரிசி களைவாள். அவள் குழாயைத் திறந்தால் இங்கே தண்ணீர் சத்தம் கேட்கும். முதல் வாரத்தில் அதைக் கேட்டுவிட்டு நம் வீட்டுக் குழாய்தான் என்று மூடப் போயிருக்கிறாள். ஆனால் அதற்குப் பிறகு மரகதம் கிழிந்த நைட்டியோடு சமையலறைக்கு வந்ததில்லை. தலை வாரிக்கொண்டுதான் வருவாள். ஒரு ஆளுக்கு எதற்கு என்று மோர் சாதத்தோடு முடித்துக்கொள்ள நினைக்கிற நாளில்கூடப் பிள்ளை பார்ப்பாளே என்று ஒரு பொரியல் வைத்துவிடுவாள். தட்டைக் கீழே போட்டுவிட்டால் முதலில் திரையைத்தான் பார்ப்பாள், திரும்பினாளா என்று. சில நாள் திரும்பியிருக்கிறாள். திரும்பியிருக்கிறாளா, அல்லது வேறு எதற்கோ திரும்பியதைத் தட்டுச் சத்தத்துக்கு என்று இவளாக வைத்துக்கொண்டாளா. இப்போது போன் அடிக்கவில்லை என்றால், அந்தப் பொரியல் எல்லாம் யாருக்கு வைத்தது. வாரி முடித்த தலையெல்லாம் யார் பார்க்க. சுவரைப் பார்த்துப் பேசுகிறவளைப் பைத்தியம் என்பார்கள், சுவரில் ஒரு படம் நகர்ந்துகொண்டிருந்தால் மட்டும் அது வேறு ஆகிவிடுமா. ச்சே, இப்போதுதானே அணைத்தாய், அதற்குள் என்ன, அந்தப் பிள்ளை கக்கூஸுக்குப் போயிருக்கலாம், தேநீர் போட்டுக்கொண்டிருக்கலாம், பொறு.

திரை முழுக்கக் கறுப்பு இல்லை, நடுவில் இரண்டு வரி எழுதியிருந்தது. ‘வயர்லெஸ் சுவிட்ச் அணைந்திருக்கிறது. இதைக் கையால்தான் போட முடியும்.’ தமிழிலேயே இருந்தது. அம்மா படிக்கட்டும் என்று அவளே எழுதி வைத்தது, வேறு யார் மெஷினிலும் இது தமிழில் வராது. எட்டாவதில் பெரிய மனுஷியானதும் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள், அதற்குப் பிறகு மரகதம் படித்ததெல்லாம் மளிகைக் கடைக் காகிதம்தான், இருந்தாலும் இந்த இரண்டு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள், சிந்துஜாவின் குரலிலேயே கேட்டது, கொஞ்சம் கறாராக. அவள் வேலையே இதுதான். மெஷினுக்குள் ஒவ்வொரு சாமானும் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிற வேலை, அதற்குப் பேர் டிரைவர், மகள் டிரைவர் எழுதுகிறாள் என்று சொந்தக்காரர்களிடம் சொன்னால் லாரியா பஸ்ஸா என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். ஒரு தடவை இவள் துருவித் துருவிக் கேட்டபோது சொன்னாள், வயர்லெஸ்ஸை அணைக்க இரண்டு வழி இருக்கும்மா, திரையில் தொட்டு அணைப்பது ஒன்று, இந்த ஓரத்துச் சுவிட்ச் ஒன்று, திரையில் அணைத்தால் நான் எழுதுகிற எழுத்தே திருப்பிப் போட்டுவிடும், உன் மெஷினில் அப்படித்தான் வைத்திருக்கிறேன், நீ தெரியாமல் எதையாவது தொட்டுத் தொலைத்தாலும் இரண்டு நிமிஷத்தில் தானாகப் போட்டுக்கொள்ளும். ஆனால் சுவிட்ச் அணைந்திருந்தால் நான் இங்கிருந்து தலைகீழாக நின்றாலும் நடக்காது, அணைந்திருக்கிறது என்று சொல்ல மட்டும்தான் எனக்கு அதிகாரம். அதற்காக ஆபீஸில் ஒருவனோடு போனில் சண்டைகூடப் போட்டாள், இங்கே அடுப்படி முழுக்க இங்கிலீஷ் எதிரொலித்தது, பருப்பு பொங்கி வழிந்ததைக்கூட மறந்துவிட்டு இவள் நின்று கேட்டாள், ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் பிள்ளை தோற்கக் கூடாது என்றிருந்தது. வைஃபை வரவில்லை என்று வாங்கினவர்கள் ஓயாமல் போன் செய்கிறார்கள், எல்லாம் சுவிட்ச் அணைந்து கிடப்பதுதான், அதை மீறிப் போட்டுவிட வழி செய் என்றானாம் அவன். பூட்டினவர்களைக் கேட்காமல் திறப்பதற்கு நாம் யார் என்றாளாம் சிந்துஜா. இன்னொரு கதையும் சொன்னாள். மெஷின் தூங்கி எழுந்தால் பழைய நினைப்பிலேயே இருக்குமாம். தூங்கும்போது யாரோ சுவிட்சை அணைத்திருப்பார்கள், இது தெரியாமல் எழுந்து எல்லாம் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டு யாருமில்லாத இடத்தைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்குமாம். எழுந்ததும் முதல் வேலையாகச் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று பார் என்று அதற்குப் படிப்பித்து முடிக்க அவளுக்கு ஒரு மாதம் பிடித்தது. கேட்டுக்கொண்டிருந்த மரகதம், பாவம் என்றாள். எது பாவம், மெஷினா என்று சிந்துஜா சிரித்தாள். இவளுக்கு எத்தனையோ நாள் விடியலில் கண் விழித்ததும் இரண்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பால் அளக்கும்போதுதான் அவர் இல்லை என்பது நினைப்புக்கு வரும். அதை மகளிடம் சொன்னதில்லை. பார்த்திருப்பாள் என்று நினைத்திருந்தாள். மேடை மேல்தானே லேப்டாப் இருக்கிறது, இரண்டு டம்ளர் இருந்ததும் ஒன்றைத் திரும்ப எடுத்து வைத்ததும் தெரிந்திருக்கும் என்று.

போன் அடித்தது. அடித்த வேகத்தில் கை தடுமாறி அது சிங்க்குக்குள் விழப் பார்த்தது, பிடித்துக் காதில் வைத்து, ‘கண்ணு’ என்றாள்.

‘யாரு கண்ணு? நான் தங்கமணி.’ அவள் வீட்டுக்காரரின் அக்கா. பொள்ளாச்சியிலிருந்து.

‘சொல்லுங்க நங்கையா.’

‘என்ன, கொரல் இப்படி எறங்கிப் போச்சு? கண்ணுன்னு என்னைக் கூப்பிடவும்தான் நமக்கும் வயசு கொறைஞ்சு போச்சாட்டம்னு பாத்தேன். சாப்பிட்டாச்சா?’

‘ஆச்சுங்க.’ இப்போது அவள் கூப்பிட்டால் என்ன ஆகும். பிஸி என்று வரும். பிஸி என்றால் அம்மா நன்றாகத்தான் இருக்கிறாள், யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறாள் என்று விட்டுவிடுவாள்.

‘உம்புள்ள என்ன பண்றா? அங்கதான் டிவில வர்ற மாதிரி நாள் பூரா ஓடிட்டே இருப்பாளாமே. எங்கூட்டுல சீரியல்காரிகூட நடுவுல வெளம்பரத்துக்குப் போயிட்டு வர்றா. இப்ப இருக்காளா? ஒரு வார்த்தை குடு.’

‘இப்ப வந்து, நெட்டு இல்லீங்க நங்கையா.’

‘ஏன், பணம் கட்டலையா?’

‘அதெல்லாம் கட்டியாச்சு. என்னமோ, போயிடுச்சு.’

‘அப்ப நிம்மதியாப் பேசு. எப்பப் பாரு அவளுக்குக் கேட்டுரும் கேட்டுரும்னு குசுகுசுன்னே பேசுவே. மேக்கால தோட்டத்துக்காரன் செஞ்ச வேலையக் கேட்டியா?’

கேட்கவில்லை, கேட்கிற மாதிரி சத்தம் மட்டும் கொடுத்தாள். வேலிக்கல்லை நகர்த்திவிட்டான் என்று நங்கையா சொல்லிக்கொண்டே போனாள், சர்வேயரைக் கூப்பிட்டோம் என்றாள், மரகதம் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்து வேறு யாராவது நடுவில் கூப்பிட்டால் சத்தம் வருமா என்று கவனித்தாள், வருமா வராதா என்று அவளுக்குத் தெரியாது, ‘ம்’ என்றாள், ‘ம்’ என்றாள், மூன்றாவது ‘ம்’ சொன்னபோது அது யாருடைய ‘ம்’ என்று தெரிந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

‘என்ன புள்ள, நான் பாட்டுக்குப் பேசறேன், நீ எங்க இருக்கறே?’ என்றாள் தங்கமணி.

‘இங்கதானுங்க. அடுப்புல பால் வெச்சிருக்கறேன், பொங்கப் போகுது, அப்பறமாக் கூப்பிடறனுங்களே.’

அடுப்பில் ஒன்றும் இல்லை. அடுப்பு துடைத்துக் காய்ந்து கிடந்தது. போனைப் பார்த்தாள், வேறு யாரும் கூப்பிட்டதாக அதில் ஒன்றும் இல்லை, அப்படியென்றால் நடுவிலும் கூப்பிடவில்லை, அல்லது இந்த போன் அதைக் காட்டாதோ என்னவோ. மோடத்தில் பச்சை விளக்கு தன்பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. வெயில் ஜன்னல் கம்பியை விட்டு நகர்ந்து கேஸ் சிலிண்டர் மேல் ஏறியிருந்தது. கூப்பிடவில்லை. தெரிந்துவிட்டது, போதுமா, இதைத் தெரிந்துகொள்ளத்தானே அணைத்தாய். அந்தப் பிள்ளைக்கு நீ ஜன்னலுக்கு வெளியே தெரிகிற மரம் மாதிரி, அது இருக்கிறது என்று தெரியும், இன்றைக்கு இருக்கிறதா என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. இதைச் சொல்லிக் குறைப்பட ஆள் வேண்டும், குறைப்படுவதாக இருந்தாலும் அவளிடம்தான் குறைப்பட வேண்டும். நாமே கூப்பிட்டுவிட்டால் என்ன என்று போனை எடுத்தாள், எடுத்த கை நின்றது, நாம் கூப்பிட்டால் அப்புறம் இது எதற்கு, ஒரு மத்தியானம் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தது எதற்கு, வைத்தாள். வைத்தபோதுதான் அது தோன்றியது. தெரிந்தும் கூப்பிடாமல் இருக்கிறாளா, கூப்பிட முடியாமல் இருக்கிறாளா. கடைசியாகப் பார்த்தபோது கண் பாதி மூடியிருந்தது. அது படம் நின்றதாலா, இல்லை அந்த நேரத்திலேயே தலை சுற்றி விழப்போனாளா. காலையிலிருந்து ‘ம்’, ‘ம்’ என்றாளே, உடம்புக்கு முடியாமல் அப்படிச் சொன்னாளோ. ஒன்றும் சாப்பிட்ட மாதிரியும் தெரியவில்லையே. அந்த ஊரில் கதவைச் சாத்தினால் பக்கத்து வீட்டுக்காரன் ஒரு வாரமானாலும் தட்ட மாட்டான். நாற்காலியோடு சாய்ந்து தலை அடிபட்டுக் கிடக்கிறாளோ, அம்மா பார்த்துவிடுவாள், யாரையாவது கூப்பிட்டு அனுப்புவாள் என்று திரையைப் பார்த்துக்கொண்டே கிடக்கிறாளோ. அந்த நேரம் பார்த்து இந்தப் பாவி, அவள் பார்க்கிறாளா என்று பார்ப்பதற்காக, தன் கண்ணைத் தானே பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சும்மா நினைப்பு இது, ஒன்றும் இருக்காது, இருக்காது என்று சொல்லச் சொல்ல அந்த நாற்காலி சாய்ந்துகொண்டே இருந்தது, முருகா என்று எழுந்து நகத்தை வைத்துத் தள்ளினாள். போகும்போது லேசாகப் போன சுவிட்ச் வரும்போது வரவில்லை. நகம் வழுக்கியது. ஆரஞ்சுக் கோடு பாதி மறைந்து மறுபடி தெரிந்தது. சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்து இன்னொரு தடவை அழுத்தித் தள்ளினாள்.

அந்த இரண்டு வரி போனது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு மேஜை வந்தது, கோப்பை வந்தது, சிந்துஜா வந்தாள், தலை குனிந்து தட்டிக்கொண்டுதான் இருந்தாள். மரகதம் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

‘வந்துட்டியாம்மா’ என்றாள் சிந்துஜா, நிமிராமல்.

‘போனது உனக்குத் தெரியுமா?’

‘தெரியாம என்ன? போன ஒடனே தெரியும்.’

தெரியும். ஒடனே தெரியும். மரகதத்தின் நெஞ்சுக்குள் எதுவோ குளிர்ந்து இறங்கியது, முழுசாக இறங்குவதற்குள் நின்றது. ‘தெரிஞ்சுமா கூப்பிடாம இருந்தே?’

‘கரண்டு போயிருந்தா மோடமும் போயிருக்கும், அது இருந்துச்சு, இங்க இருந்து பாத்தேன். நீ எதையாச்சும் தெரியாம அமுக்கியிருந்தா ரெண்டு நிமிஷத்துல அதுவே வந்திருக்கும். வரல. அப்பச் சுவிட்ச்சு. அது தெரியாமக் கை படற எடத்துல இல்ல, நகத்தை வெச்சுத் தள்ளினாத்தான் நகரும். சரி, நீயாத்தான் அணைச்சிருக்கே, அம்மாவுக்குக் கொஞ்ச நேரம் தனியா இருக்கணும் போலன்னு விட்டுட்டேன்.’

‘தனியாவா?’

‘ஆமா. எந்நேரமும் பொண்ணு கண்ணு முன்னாடியே இருந்தா உனக்கும் ஒரு மாதிரி இருக்கும்ல? அணைக்கறதும் போடறதும் உன் இஷ்டம்மா. நான் கேக்கவே மாட்டேன். கேக்கவும் கூடாது.’

எவ்வளவு நல்ல பிள்ளை. பெற்றவள் அணைத்ததைப் பெரிய மனுஷி அணைத்தது மாதிரி மதித்திருக்கிறாள். மரகதத்தை யாரும் இப்படி மதித்ததில்லை, பள்ளிக்கூடத்தை நிறுத்தும்போது கேட்டதில்லை, கல்யாணத்துக்குக் கேட்டதில்லை, இதை ஒருத்தி கேட்காமலே மதித்திருக்கிறாள், அந்த மதிப்பை எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை. கை பட்டுவிட்டது, துடைக்கும்போது தெரியாமல் தள்ளிவிட்டேன் என்று சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். ‘நீ கூப்பிடறியான்னு பாத்தேன்’ என்று வந்துவிட்டது.

தட்டுகிற சத்தம் நின்றது. காலையிலிருந்து முதல் தடவையாகச் சிந்துஜா முகத்தைத் தூக்கினாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. ‘என்னது?’

‘ஒண்ணும் இல்ல.’

‘எனக்குப் பரீட்சை வெச்சியாம்மா?’

‘பரீட்சையெல்லாம் இல்ல. யானைன்னு சொல்றேன், நீ பாத்துக்கங்கறே.’

‘எந்த யானை?’

‘ஹாலுக்குள்ள வந்த யானை.’

சிந்துஜாவுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை, புரிந்ததும் சிரித்தாள், மேஜையில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தாள், நிமிர்ந்தபோது கண் ஈரமாக இருந்தது, சிரித்ததாலா என்று மரகதத்தால் சொல்ல முடியவில்லை. ‘அடக் கடவுளே. சாரிம்மா. சத்தியமா சாரி. அந்நேரம் மண்டைக்குள்ள வேற ஓடிட்டிருந்துச்சு.’ மூக்கை உறிஞ்சினாள். ‘ஆனா இரு. எம் மெஷின்லயும் சுவிட்ச்சு இருக்கு. ஒரு நாளைக்கு நானும் அணைக்கறேன். நீ எவ்ளோ நேரத்துல கண்டுபிடிச்சுக் கூப்பிடறேன்னு பாக்கலாம்.’

‘ஐயோ, அதெல்லாம் வேண்டாம் சாமி.’

‘எந்த நாள்னு சொல்ல மாட்டேன். நாளைக்கே வெச்சாலும் வெப்பேன்.’

‘போடி.’

‘இன்னைக்கே வெச்சாலும் வெப்பேன்’ என்று கண்ணைச் சிமிட்டிவிட்டு அவள் மறுபடி குனிந்து தட்ட ஆரம்பித்தாள். மரகதமும் சிரித்தாள். விளையாட்டுக்குத்தான் சொல்கிறாள், தெரியாதா, அவள் அப்படிச் செய்கிற பிள்ளை இல்லை. செய்தாலும் என்ன, உடனே கூப்பிட்டுவிட்டால் போகிறது. உடனே என்றால் எவ்வளவு உடனே. குளிக்கப் போயிருந்தால். கண் அசந்திருந்தால். கூப்பிடாத நேரமெல்லாம் அந்தப் பிள்ளை அங்கே உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருப்பாள், இவள் இன்றைக்கு எண்ணின மாதிரி, ஜன்னல் மரம், பொரியல், அப்புறம் சாய்கிற நாற்காலி என்று ஒவ்வொன்றாக. ஸ்டூலைத் திரைக்குப் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சிந்துஜா கோப்பையை எடுத்தாள், வைத்தாள். கையை ஓரத்துக்குக் கொண்டுபோகிற மாதிரி இருந்தது, இல்லை, காகிதத்தை எடுத்தாள். வெளியே சட்டென்று இருட்டிக்கொண்டு வந்தது, மண் வாசனை ஜன்னலுக்குள் ஏறியது, மொட்டை மாடித் தகரத்தில் நாலு சொட்டு விழுந்து பிறகு மொத்தமாக விழுந்தது.

‘மரகதக்கா!’ கீழேயிருந்து புனிதா கத்தினாள். ‘மழைங்கக்கா! உங்க துணியெல்லாம் கொடியிலேயே கெடக்குது!’

‘நனையட்டும் விடு புனிதா’ என்று மரகதம் திரும்பாமலே குரல் கொடுத்தாள்.